காவு கேட்கும் கிணறும் பழகிப்போன மருந்தும்: ஓர் ஐப்பசிப் பயணம்

ஞாயிறு, பெரம்பலூர்

காட்டிலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள் ஆபத்தைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குப் பயப்படுவதில்லை, எதைச் செய்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள்? பெரம்பலூர் கரிசலில் தொடங்கி மன்னார்குடி பக்கம் போய், அப்படியே கடற்கரை வழியாகச் சென்னை திரும்புவதாகத் திட்டம். தெரிந்த ஆசிரியர் ஒருவர் வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்க இடம் பார்த்துக் கொடுத்திருந்தார். போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு கிணற்றைக் காட்டக் கூட்டிப்போனார்.

இந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக் கிணறு போல வட்டமாக, சின்னதாக இருக்காது. சதுரமாக வெட்டிய பெரும் பள்ளம். பாறை வரை இறங்கியிருக்கும். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வரப்பு முடிகிற இடத்தில் தரை சட்டென்று இல்லாமல் போகும். உழவு ஓட்டும் டிராக்டர் பின்னால் எடுக்கும்போது உள்ளே விழுந்த செய்தியை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெரியவர் காட்டிய கிணறு தூர்ந்து கிடந்தது. கரையில் ஒரு கல், அதில் காய்ந்த மஞ்சள், குங்குமம்.

"இது காவு கேக்குற கெணறு பாப்பா. ஒண்ணு வாங்குச்சுன்னா நிக்காது, மூணு வாங்கும்."

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பாட்டி ஊரிலும் இப்படி ஒரு கிணறு இருந்தது. பிள்ளைகளை அண்டவிடாமல் வைக்கச் சொல்லும் கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பெரியவர் நடந்ததைச் சொன்னார். கோடையில் சேறு எடுக்க ஒருவர் இறங்கியிருக்கிறார். குரல் இல்லை. என்ன ஆச்சென்று பார்க்க அவர் தம்பி இறங்கினார். அவர் குரலும் நின்றது. அடுத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர் பதறி இறங்கினார். மூவருமே வரவில்லை.

கிணறு மூன்று உயிர் கேட்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நடப்பது அப்படியேதான். அடியில் அழுகிய இலையும் சேறும் கரியமில வாயுவை விடுகின்றன. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 21 சதவீதம். அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் கூப்பிடக்கூட நேரமில்லாமல் மயங்கி விழுவார். மேலே நிற்பவருக்குத் தெரிவது அண்ணன் விழுந்து கிடக்கிறான் என்பது மட்டும்தான். நிற்க மனம் வருமா? மூடிய தொட்டி, சாக்கடைக் குழி, கிணறு என எந்த நாட்டில் இந்த விபத்து நடந்தாலும் காப்பாற்ற இறங்கியவர்கள் அடுத்தடுத்துச் சாவது வாடிக்கை. ஊர் அதைப் பார்த்திருக்கிறது, எண்ணியிருக்கிறது, காவு என்று பெயர் வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் ஊர் தவறவில்லை.

இங்கேயே இன்னொரு வழக்கமும் உண்டு. கிணறு இறங்குமுன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விடுவார்கள். கரையில் சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு விடுவதால் பார்ப்பவர்களுக்கு அதுவும் பூசையின் ஒரு பகுதியாகத் தெரியும். சுடர் அணைந்தால் அன்று இறங்கக் கூடாது. "சாமி உத்தரவு இல்லை". அணைந்தால் வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் ஆட்டி, தண்ணீரை மேலிருந்து கொட்டி, மறுபடி விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். பிராணவாயு 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் விளக்குச் சுடர் நிற்காது. அந்த அளவில் மனிதனுக்கு மூச்சு வாங்கும், ஆனால் உயிரோடு ஏறி வரலாம். அதனால் இந்தச் சோதனைக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் எல்லா வாயுவையும் அந்த விளக்கு காட்டிக்கொடுக்காது. தண்ணீர் கீழே போகப் போக ஆயில் எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டிய காலம் இருந்தது. இப்போதும் சேறு இறைக்கச் சிலர் சின்ன எஞ்சினை இறக்குகிறார்கள். அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, அது இருக்கும்போது விளக்கு நன்றாகவே எரியும். தாத்தா காலத்துச் சோதனை தாத்தா காலத்துக் காற்றுக்கு உண்டானது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. "எஞ்சின எறக்குனா வெளக்கு பொய் சொல்லும்னு சொல்ற. அத ஊர்ல சொல்லிடறேன்" என்றார்.

திங்கள், சிறுவாச்சூரும் பருத்திக் கொல்லையும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். காலையிலேயே கூட்டம். வெளியே புது டிராக்டர் ஒன்று மாலையோடு நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மஞ்சள் துணி. பூசாரி சூடம் காட்ட, வாங்கியவர் குடும்பத்தோடு ஏறி முதல் முறையாக ஓட்டினார். பழம் நசுங்கியது, எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன், கடன் வாங்கி வாங்கிய வண்டி அது. ஆனால் ஓட்டுநர் தலைக்கு மேலே, வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம் இல்லை. அதைச் சேர்த்து விற்க வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்க வேண்டியது நாம் எல்லோரும். கோயில் வாசலில் நிற்கும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் மட்டும் அதை விடுவது நியாயமில்லை.

மதியத்துக்கு முன்பே கொல்லைக்குப் போய்விட்டேன். பருத்தி இடுப்பைத் தாண்டி நின்றது. மருந்தடிப்பு நடந்துகொண்டிருந்தது.

மருந்தடிப்பவர்கள் 2 பேர். அண்ணன் ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், இன்னொருவர் இளைஞர். முதுகில் 16 லிட்டர் டேங்க். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, அரைக்கைச் சட்டை, வாயைச் சுற்றி ஈரத் துண்டு, வெறுங்கால். டேங்க் மூடி ஓரமாக ஒழுகி முதுகும் இடுப்பும் நனைந்திருந்தன. தண்ணீர் சுமந்து வந்து மருந்தைக் கலந்து கொடுப்பது ஓர் அக்கா. ஒரு குச்சியால் கலக்குகிறார். விரல்களில் தெறிக்கிறது, சேலையில் துடைத்துக்கொள்கிறார். மருந்தடிக்கிற ஆள் என்று யார் கணக்கெடுத்தாலும் அந்த அக்கா கணக்கில் வரமாட்டார். அதனால் கையுறை தந்தாலும் அவருக்கு வராது.

சாப்பாட்டு நேரத்தில் வேப்பமர நிழலில் பேசினோம். பயமில்லையா என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல தல சுத்தும், வாந்தி வரும். இப்ப பழகிப்போச்சு."

"பாலு குடிச்சா ஒண்ணும் பண்ணாது" என்றார் இளைஞர். வாழைப்பழம், மோர், கருப்பட்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாயந்திரம் கொஞ்சம் சரக்கு போட்டால் உள்ளே போன விஷம் முறிந்துவிடும் என்றும் ஒருவர். மருந்து நல்ல மருந்தா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றால், "வாடை அடிக்கணும். வாடை இல்லாதது வேலைக்காவாது." எதிர்க்காற்றில் அடித்தால் புழு முகத்திலேயே மருந்து படும் என்பதும் ஒரு நம்பிக்கை. அமாவாசையன்று மட்டும் அடிப்பதில்லை. அன்று இந்த ஊரில் ஏர் பூட்டுவதும் இல்லை, மாட்டுக்கும் ஆளுக்கும் ஓய்வு. நான் கேட்டவற்றுள் உடம்புக்கு உறுதியாக நன்மை செய்யும் நம்பிக்கை இந்த அமாவாசை ஓய்வுதான்.

மற்றவற்றைப் பற்றி நான் பட்டும் படாமலும் பேசப் போவதில்லை.

பருத்தியில் அதிகம் பயன்படும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோ பாஸ்பரஸ் வகை ஒன்று. நரம்பின் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது. அதை இந்த மருந்து முடக்குகிறது. முடங்கியதும் வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். பாலால் அதைத் தடுக்க முடியாது. சாராயம் அறிகுறியை மறைத்து, மயக்கத்தைப் போதை என்று நினைக்க வைக்கும். வாடைக்கும் விஷத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஈரத் துண்டு மருந்தை உறிஞ்சி உதட்டோடு ஒட்டிவைக்கிறது. உள்ளே போகும் பெரும் வழி மூக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அடிக்கிறவர் உடம்புக்குள் அதிகம் போவது தோல் வழியாக. அதிலும் தொடையிடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும். இடுப்பில் ஒழுகும் டேங்கும் நனைந்த லுங்கியும் எவ்வளவு மோசமான சேர்க்கை என்று அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது.

"பழகிப்போச்சு" என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. முடங்கிய நொதி திரும்ப ஊற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் அறிகுறி பெரிதாகத் தெரியாமலே கையிருப்பு குறைந்துகொண்டு போகும். பருவத்தின் தொடக்கத்தில் ஒன்றும் செய்யாத அதே அளவு மருந்து, பருவத்தின் நடுவில் ஆளை விழவைக்கும். பழகியதாகத் தோன்றும் உடம்புதான் விளிம்பில் நிற்கும் உடம்பு.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே அடிக்க வேண்டியிருந்தது. பல மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூர்ப் பக்கமும் மருந்தடித்தவர்கள் இறந்த செய்தி வந்தது. அடுத்த ஆண்டு இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு இந்த மாவட்டத்து மக்காச்சோளத்தை அழித்தபோது, மருந்தடிப்பு இன்னும் கூடியது. அண்ணனுக்கு அந்த வருடம் நன்றாக நினைவிருக்கிறது. "அப்ப ராத்திரி தூங்கறப்பவும் வாயில மருந்து வாடதான்" என்றார்.

பிறகு ஏன் பால் என்கிறார்கள், ஏன் பழகிப்போச்சு என்கிறார்கள்? அந்த அண்ணன் அறியாமல் சொல்லவில்லை. டப்பாவில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு அதிக விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகச் சொன்னார். கையுறை, முகமூடி, ரப்பர் கோட்டு வேண்டும் என்பதும் தெரியும். "அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டு இந்த வெயில்ல ஒரு டேங்க் அடிச்சுப் பாருங்க மேடம். மருந்துக்கு முந்தி புழுக்கமே கொன்னுடும்." கூலி டேங்க் கணக்கு. மெதுவாக அடித்தால் கூலி குறையும். அடிக்க மாட்டேன் என்றால் அடுத்த ஆள் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியாத வேலைக்குத் தினமும் காலையில் கிளம்ப வேண்டுமென்றால், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் அவரால் டேங்கைத் தூக்க முடியாது.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வைத்திருக்கும் பூச்சிமருந்து நடத்தை நெறியில் ஓர் இடம் உண்டு. அணியச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை வெப்ப நாடுகளில், சிறு விவசாயிகளும் கூலிகளும் கையாளுமிடத்தில் தவிர்க்க வேண்டும் என்பது அது. அந்த நெறியின்படி பார்த்தால், இந்தக் கொல்லையில் இருந்த சிவப்பு முக்கோண டப்பா இங்கே வந்திருக்கவே கூடாது. பிரச்சினையை அண்ணனின் பால் டம்ளரில் தேடுவது அநியாயம்.

ஆனாலும் அன்றே மாற்றக்கூடியவை சில இருந்தன. டேங்க் மூடிக்கு வாஷர் மாற்றுவது, முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் கட்டுவது, லுங்கிக்குப் பதில் முழுக்கால் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது, வெயில் ஏறுமுன் முடிப்பது, பீடி பற்றவைக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. கலக்கும் அக்காவுக்கு நீளக் குச்சியும் கையுறையும். கொல்லைக்காரரும் உட்கார்ந்து கேட்டார். வாஷர் மறுநாள் வாங்குவதாகச் சொன்னார். கூலியை நாள் கணக்கில் மாற்றுவது பற்றிக் கேட்டபோது மட்டும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

செவ்வாய், பேருந்தில்

அரியலூர், திருமானூர், கொள்ளிடம் பாலம், திருவையாறு, தஞ்சாவூர். பாலத்தைத் தாண்டியதும் நிறமே மாறிவிடுகிறது. சிமெண்ட் தூசி போய் எங்கும் சம்பாப் பச்சை. தஞ்சாவூரில் மழை பிடித்துக்கொண்டது. மன்னார்குடி சேரும்போது இருட்டிவிட்டது. வேறொன்றும் எழுத இல்லை.

புதன், திருத்துறைப்பூண்டிச் சாலையில் ஓர் ஊர்

களையெடுப்பு. சுமார் இருபது பெண்கள் வரிசையாக, முழங்கால் சேற்றில், குனிந்தபடி. கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. நிமிர்ந்து நிற்பது ஒரு பனையும் மின்கம்பங்களும்தான். பிற்பகல் மூன்று மணி வாக்கில் தெற்கே கறுத்தது. முதல் இடிக்கு எல்லோரும் ஒரே குரலில், "அர்ச்சுனா, அர்ச்சுனா!"

விராட நாட்டில் இளவரசன் உத்தரனுக்குத் தேரோட்டிப் போன, பேடி வேடத்தில் இருந்தவன் தன் பத்துப் பெயரையும் சொல்லித் தன்னை அர்ச்சுனன் என்று நிரூபிக்கிறான். அந்தப் பத்துப் பெயரும் இடிக்குக் காப்பு என்பது நம் ஊர்களின் நம்பிக்கை. இந்திரன் மகன் பெயரைக் கேட்டால் இந்திரனின் வச்சிராயுதம் விலகிப்போகும் என்கிறார்கள். வரிசையில் மூத்த அப்பாயி பத்தையும் தடையில்லாமல் சொன்னார்: அர்ச்சுனன், பற்குணன், பார்த்தன், கிரீடி, சுவேதவாகனன், பீபத்சு, விசயன், கிருஷ்ணன், சவ்வியசாசி, தனஞ்சயன்.

சொல்லிக்கொண்டே அந்த ஒற்றைப் பனையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பகீரென்றது. இந்தியாவில் ஆண்டுக்கு 2,500-க்கு மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு வயலில் இருப்பவர்களும் மரத்தடியில் ஒதுங்கியவர்களும். கையில் இருக்கும் களைக்கொத்து மின்னலை இழுக்கும் என்று அதைத் தூக்கி எறிகிறார்கள். இழுப்பது அதுவல்ல, வெட்டவெளியில் தனியாக உயர்ந்து நிற்பது எதுவோ அதுதான். பம்ப் செட் கொட்டகை எதிர்த்திசையில் இருந்தது, காங்கிரீட் கூரை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

மழை விடும்வரை உள்ளே நெருக்கிக்கொண்டு நின்று பேசினோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நேரத்தை எண்ணுவது உலகமெங்கும் உள்ள பழக்கம். ஒளி உடனே வந்துவிடும், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 30 விநாடி என்றால் இடி விழுந்தது 10 கிலோமீட்டர் தள்ளி. அதற்குள் கேட்டால் வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. அங்கே யாரிடமும் கடிகாரம் இல்லை, போன் வரப்பில் பையில் கிடந்தது. அப்பாயியை அந்தப் பெயர்களை நிதானமாகச் சொல்லச் சொல்லி என் போனில் நேரம் பார்த்தேன். பத்துப் பெயருக்கு ஏறக்குறைய 10 விநாடி. மின்னல் வெட்டியதும் ஆரம்பித்து மூன்று சுற்று சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்று முடியுமுன் இடி கேட்டால் கொட்டகைக்கு ஓட்டம்.

"சாமி பேரச் சொல்லிக்கிட்டே ஓடச் சொல்றே" என்றார் அப்பாயி. ஆமாம் என்றேன். அடுத்த மின்னலுக்கு எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டாவது சுற்றில் கிரீடி வரும்போது இடித்தது. ஒரு பெண் விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "அஞ்சு கிலோமீட்டர் இருக்குமாக்கா?" என்றாள். இருக்கும்.

புனேயில் உள்ள வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது; 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் அபாயத்தைச் சொல்லும். களையெடுப்புக்கு ஆள் கூட்டிவரும் அக்காவின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தேன். ஆனால் இடி கேட்டு வேலையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா? நிறுத்திய நேரத்துக்குக் கூலி உண்டா? இன்று மழை பெய்ததால் கேள்வி எழவில்லை. மழையில்லாமல் வறண்டு இடிக்கும் நாளில்தான் தெரியும் என்றார் அவர்.

வியாழன், அதே ஊர்

இங்கே இருட்டிய பிறகு யாரும் பாம்பு என்று சொல்வதில்லை. பூச்சி என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும். இந்தப் பயம் நல்லது. வரப்பில் கண்ணை வைத்து நடக்க வைக்கிறது. நெல் வயலில் எலி, எலியைத் தேடிக் கண்ணாடி விரியன். தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் பொறியை எலிக்கு வைத்துவிட்டு விடியற்காலையில் எடுக்கப் போகும்போது கடி. கிட்டியில் கை வைக்குமுன் குச்சியால் தட்டும் வழக்கம் கிட்டி வைப்பவரிடம் இருக்கிறது. அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது.

ஆனால் இங்கே கடிபட்ட கதைகளைக் கேட்கக் கேட்க ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தது: நள்ளிரவு தாண்டி. மோட்டார் போடப் போனவர்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990 முதல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும்போது இரவு முறைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வரப்பில் போக வேண்டும். தலையெழுத்து என்று அவர்கள் சொல்வதில் மின்வாரியத்தின் நேர அட்டவணையும் சேர்ந்திருக்கிறது.

விஷக்கடிக்கு மந்திரிப்பவர் ஒருவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர், காசு வாங்குவதில்லை. வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பது, சிறியாநங்கை கொடுப்பது, வேப்பங்கொத்தால் விஷத்தை இறக்குவது. தன் கையில் பிழைத்தவர்கள் ஏராளம் என்றார். பொய்யில்லை. கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை; விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர்கள் எப்படியும் பிழைப்பார்கள். மிச்சப் பேருக்குத்தான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கட்டுவிரியன் கடித்தால் வலியிருக்காது, வீக்கமிருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், இமை தொங்கும், பிறகு மூச்சு. அங்கே வேப்பிலையின் கசப்பு எதையும் சொல்லாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், பெரும்பாலும் மழைக்காலத்தில்.

வைத்தியரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவரே தொடங்கினார். சில வருடங்களுக்கு முன் தன்னிடம் வந்த ஒரு பையன் அவர் கண் முன்னாலேயே ரத்தம் கக்கியதை விவரித்தார். அதிலிருந்து வருகிறவர்களுக்கு விபூதி போட்டு, "என் வேல முடிஞ்சுது, இனி ஊசிதான் இறக்கும், ஓடு" என்று அனுப்பிவிடுகிறார். சில சமயம் அவரே ஆட்டோவில் ஏறுகிறார். அவர் சொன்னால் ஊர் கேட்கிறது. நான் சொன்னாலோ டாக்டர் சொன்னாலோ அந்த வேகத்தில் கேட்காது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம். உடனே விஷமுறிவு மருந்து. அவருடைய பெரிய வருத்தம் இறுக்கக் கட்டிய கயிறு, பிளேடால் கீறிய கால். கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுவந்தால் போதும். பெண்கள் மெட்டியையும் கொலுசையும் முதலில் கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு அறுக்கத்தான் வேண்டிவரும். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இப்போது ஒவ்வொரு கடியையும் பதிய வேண்டும். எந்த நேரத்தில் கடித்தது என்பதையும் தான் தவறாமல் எழுதுவதாகச் சொன்னார்.

சனி, வடநெம்மேலி

இரவுப் பேருந்தில் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினேன். முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று இருளர் பிழைப்பு முடங்கியது. 1978-இல் இந்தச் சங்கம் உருவாகி, தோலுக்குப் பதில் விஷத்தை எடுத்துப் பாம்பைத் திரும்ப விடும் தொழிலாக மாறியது. மண்பானைகளில் வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மூன்று வாரம்போல வைத்திருந்து விஷம் எடுத்துக் காட்டில் விடுகிறார்கள். முந்தாநாள் போன சுகாதார நிலையத்தில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இங்கே எடுக்கும் விஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள் இவர்கள். பாம்பும் கன்னியம்மாதான். அதனால் அடிப்பதில்லை, பயப்படுவதுமில்லை. ஆனால் அவர்கள் கையை நெருங்கிப் பார்த்தேன். வேகமே இல்லை. பானையைத் திறப்பவர் திறப்பதற்கு முன் ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் தலை என்று பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்துகிறார். குடித்தவர், வீட்டில் சண்டை போட்டு வந்தவர், உடம்பு சரியில்லாதவர் அன்று பாம்பைத் தொடக்கூடாது என்றார் ஒருவர். அம்மா கோவிச்சுக்குவா. தொடவில்லை என்பதற்காக அவரை யாரும் கேள்வி கேட்பதில்லையா என்றேன். "ஏன் கேக்கணும்? அம்மா வேணாம்னா வேணாம்தான்."

பெரம்பலூர் அண்ணனை நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு அம்மன்கூட இல்லை.

மதியம் ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. கொல்லைக்காரர் வாஷர் மாற்றிவிட்டார், காலை 10 மணிக்கு மேல் அடிப்பதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். நாள் கூலி பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது. அண்ணனும் இளைஞரும் தண்ணீர் சுமக்கும் அக்காவையும் சேர்த்துக்கொண்டு மூவருமாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசை கழித்துச் சொல்வதாகப் பதில். அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.